பெற்றோர் சொல்லும் குறையும் பள்ளி சொல்லும் பதிலும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன வருஷம் இதே மேடையில் பம்ப் எஃபிஷியன்சி பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தின வருஷம் ஃபவுண்டரி. இந்த வருஷம் என்னைக் கூப்பிட்ட நண்பர், "பம்பு, மோட்டாரை விட்டுட்டு வேற ஏதாச்சும் பேசுங்க" என்று சொல்லிவிட்டார். சரி, நம்ம செட்டில் முக்கால்வாசிப் பேர் இப்போது என்ன பேசிக்கொள்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். முப்பதைத் தாண்டிவிட்டோம். ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்ற காலத்தில் அரியர், கிரிக்கெட், சினிமா பற்றிப் பேசினோம். இப்போது இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது வாக்கியம், "பையனை எந்த ஸ்கூல்ல போட்டிருக்கீங்க?" என்பதுதான். அதற்கு அடுத்த வாக்கியம் பெரும்பாலும் ஒரு குறை. அதற்கும் அடுத்தது, "சொல்லிப் பார்த்தேன், யாரும் கண்டுக்கலை."

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பெற்றோர் ஒரு குறையைச் சொன்னால், பள்ளி எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும்?

முதலில் ஒரு பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறேன். 2012 ஜூலை 25. சென்னை தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிப் பேருந்து. சாயங்காலம் பள்ளி விட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி, பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து, அதே பஸ்ஸின் பின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். தமிழ்நாடே பதறிப்போனது. மறுநாளே உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. அந்த வருஷமே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாடு அரசு சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, பள்ளி அளவில் பெற்றோர் பிரதிநிதிகளும் இருக்கும் போக்குவரத்துக் குழு என்று எல்லாம் அதில் வந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நம்ம அவிநாசி ரோட்டில் பி.ஆர்.எஸ். மைதானத்தில் மஞ்சள் பஸ்களை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் தரையைத் தட்டிப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு சின்னக் குழந்தையின் உயிர் இருக்கிறது.

நாம் எஞ்சினியர்கள். நமக்குத் தெரியும், இரும்புத் தகடு ஒரே ராத்திரியில் ஓட்டை ஆவதில்லை. முதலில் பெயின்ட் உரியும். அப்புறம் துரு பிடிக்கும். அப்புறம் காலை வைத்தால் அமுங்கும். கடைசியில்தான் ஓட்டை விழும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த பஸ் கொஞ்ச நாள் முன்புதான் எஃப்.சி. வாங்கியிருந்தது. அதாவது, சான்றிதழ் இருந்தது, கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. தரைதான் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கிற இன்ஸ்பெக்டரை விட, தினமும் இரண்டு வேளை அந்தத் தரையில் கால் வைக்கிற பிள்ளைக்குத்தான் அது நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லும், வீட்டில் இருப்பவர்கள் பள்ளியில் சொல்ல வேண்டும், பள்ளி அதைக் காதில் வாங்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போச்சு.

இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். மதிய உணவு சமைக்கும் இடத்துக்கும், மாடி வகுப்புக்கும் ஓலைக் கூரை. குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களில் ஓலைக் கூரைகளை அகற்றினார்கள். நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஜூலை 30 அன்று. பத்து வருஷம் ஆனது. ஓலைக் கூரை ஒளித்து வைத்த பொருள் இல்லை. தெருவில் போகிறவர் கண்ணுக்கும் தெரிந்தது. தெரிந்த ஆபத்தை யார், எத்தனை நாளில் சரி செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு ஏற்பாடு இல்லை. அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. பெரும்பாலான பள்ளிகளில் நல்லவர்கள்தான் இருக்கிறார்கள். என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், பள்ளியின் பெயர் வேண்டாம்.

என் மகள் போகும் ஸ்கூல் வேனில் பின்பக்க அவசரக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து, அதைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆபத்து நேரத்தில் கட்டிங் பிளேயர் இருந்தால்தான் அந்தக் கதவைத் திறக்க முடியும். மறுநாள் காலையில் ஆபீஸ் கவுண்டரில் எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த அம்மா ரொம்ப மரியாதையாக, "சொல்லீடறேனுங்க சார்" என்றார். ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டேன். "கரஸ்பாண்டென்ட் ஊர்ல இல்லீங்க, வந்ததும் பாத்துக்கலாமுங்க." மறுபடியும் போனேன். "டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் கிட்ட சொல்லியாச்சுங்க." பத்தொன்பதாவது நாள் கதவைச் சரி செய்தார்கள். டிரைவரிடம் விசாரித்தேன். "வெல்டிங் பட்டறையில அரை மணி நேரம்தானுங்க ஆச்சு. சொன்ன அன்னைக்கே நான் போயிருப்பேன், என்கிட்ட நேத்துத்தான் சொன்னாங்க" என்றார்.

வேலைக்கு அரை மணி. தகவல் போய்ச் சேரப் பத்தொன்பது நாள். அப்புறம் தலைமை ஆசிரியையைப் பார்த்தபோது அவருக்கு இந்த விஷயமே தெரியவில்லை. கேட்டதும் அவர் முகம் சுண்டிப் போனது. நல்ல மனுஷி. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கவுண்டரில் கொடுத்த காகிதம் யார் மேஜைக்குப் போக வேண்டும், யாருக்கு முடிவெடுக்கும் அதிகாரம், எத்தனை நாளில் முடிய வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். குறையும் அப்படித்தான். அன்றைக்கே கவனிக்காவிட்டால் நாளைக்கு அது பழைய விஷயம்.

இதே விஷயம் நம் தொழிலில் எப்படி நடக்கிறது? உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு விவசாயி போன் பண்ணுகிறார். "ஏனுங்க, மோட்டார் வாங்கி மூணு மாசம் ஆகலை, வைண்டிங் எரிஞ்சு போச்சு, பயிரு வாடுது." நான் வேலை செய்யும் இடத்தில் இதற்கு மூன்று கட்டம் வைத்திருக்கிறோம். முதல் கட்டம், அன்றைக்கே புகார் நம்பர் கொடுத்து, யார் வருவார் என்று பெயர் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது கட்டம், பயிர் வாடாமல் இருக்க ஒரு மாற்று மோட்டாரை இறக்க வேண்டும். மூன்றாவது கட்டம், எரிந்த மோட்டாரைப் பிரித்து, வோல்டேஜ் குறைவா, சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கியதா, நம் வைண்டிங்கில்தான் குறையா என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவதற்கு மூன்று வாரம் ஆனாலும் விவசாயி கோபித்துக்கொள்வதில்லை. முதல் இரண்டும் நடந்துவிட்டால் மனுஷன் பொறுமையாக இருக்கிறார்.

பள்ளிக்கும் இதே மூன்று கட்டம் போதும் என்பது என் எண்ணம். "கிடைத்தது, இன்னார் பார்க்கிறார்" என்ற பதில் மறு வேலை நாளுக்குள். குழந்தைக்கு ஆபத்து இருந்தால் அதைத் தடுக்கும் தற்காலிக ஏற்பாடு அன்றைக்கே. வேனை நிறுத்திவிட்டு வேறு வண்டி அனுப்பலாம், விரிசல் விட்ட சுவர்ப் பக்கம் போகாமல் கயிறு கட்டலாம், பூச்சி மிதக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பூட்டலாம். நிரந்தரத் தீர்வுக்கு மட்டும் காலம் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் தேதி சொல்லட்டும். சீக்கிரம் பதில் சொல்வது வேறு, சீக்கிரம் முடிவு சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பள்ளிகள், "முடிவெடுத்த பிறகு சொல்லிக்கலாம்" என்று வாயை மூடிக்கொள்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, குழந்தையின் உரிமை சம்பந்தமாக எழுத்துப்பூர்வமான புகார் வந்தால் உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. மூன்று மாதம் என்பது கடைசி எல்லை. நம் ஆட்கள் எல்லையைப் பார்த்தால் அதையே இலக்காக வைத்துக்கொள்வார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி படித்தவர்கள்தானே நாம் எல்லாம்! தாழ்ப்பாள் இல்லாத கதவு மூன்று மாதம் காத்திருக்காது.

சில விஷயங்களுக்கு மணிக்கணக்குத்தான். 2012 நவம்பர் 14 முதல் அமலில் உள்ள போக்சோ சட்டம் அப்படிப்பட்டது. ஒரு குழந்தையிடம் யாரோ தப்பாக நடந்துகொண்டார்கள் என்று தெரிந்தால், அல்லது நடக்கலாம் என்ற அச்சம் இருந்தால்கூட, போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். போலீஸ் அதை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர், தன் கீழே இருப்பவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் ஒரு வருஷம் வரை சிறை. "ஸ்கூல் பேரு கெட்டுப் போயிடும், உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 2021 நவம்பரில் நம் கோவையில் ஒரு பிளஸ் டூ மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் முன்பு படித்த தனியார் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் கைதானார். புகார் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் அந்தப் பள்ளியின் முதல்வரும் கைதானார். குற்றம் உண்டா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் அந்த வாரம் இந்த ஊரில் பெண் குழந்தை வைத்திருந்த எந்த வீட்டிலும் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். குழந்தை முதல் தடவை சொல்வது பெரும்பாலும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். "பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லைங்கப்பா", "பஸ்ல அந்த அண்ணன் தள்ளி விடறாங்க". நாம் அதைப் பள்ளியில் சொல்கிறோம். அதற்கு என்ன நடக்கிறது என்று குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கும். தாழ்ப்பாள் போட்டால், "சொன்னா நடக்குது" என்று அதற்கு நம்பிக்கை வரும். ஒன்றும் நடக்காவிட்டால், "சொல்லி என்ன ஆகப் போகுது" என்று முடிவு கட்டிவிடும். அப்புறம் பெரிய விஷயம் வரும்போது அது வாயே திறக்காது. அதனால் தாழ்ப்பாளுக்குச் சொல்கிற பதில் தாழ்ப்பாளோடு முடிவதில்லை.

இனி, மறு பக்கத்தையும் சொல்லாவிட்டால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. என் அக்கா அன்னூர் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. நான் இப்படிப் பேசப் போகிறேன் என்றதும், "ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்புல 'மிஸ், என் பையன் பென்சிலைக் காணோம்'னு வருதே, அதுக்கும் அன்னைக்கே பதில் சொல்லணுமாடா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தி, பதிவேடு எழுதி, முட்டைக் கணக்குப் பார்த்து வீட்டுக்கு வருகிறவரிடம் நள்ளிரவில் பதில் கேட்பது அநியாயம். எல்லாக் குறையும் ஒரே எடை இல்லை. உயிர், உடம்பு, மானம் சம்பந்தப்பட்டது அந்த நிமிஷமே. படிப்பு, அடி, திட்டு, கேலி, ஃபீஸ் கணக்கு ஆகியவற்றை ஒரு வாரத்துக்குள் உட்கார்ந்து பேசலாம். பென்சில் திங்கட்கிழமை வரை காத்திருக்கும்.

அக்கா சொன்ன இன்னொரு விஷயமும் முக்கியம். "பெத்தவங்க ஒரு வார்த்தை சொன்னதும், டீச்சரைக் கூப்பிட்டுக் கேக்காமலேயே மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கற ஸ்கூலும் இருக்குதுடா." வேகம் என்ற பெயரில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னால், அது இன்னொருவருக்குச் செய்கிற அநீதி. பாதுகாப்பு ஏற்பாடு உடனே, விசாரணை நிதானமாக, இரு தரப்பையும் கேட்டு. இந்த வரிசை மாறக் கூடாது.

பெற்றோருக்கும் கடமை உண்டு. குறையை எழுதிக் கொடுங்கள். என்று, எங்கே, என்ன நடந்தது என்று நாலு வரி போதும். "உங்க ஸ்கூலே சரியில்லை" என்றால் யாராலும் எதையும் சரி செய்ய முடியாது. "7-ஆம் நம்பர் வேன், பின் கதவு, தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது" என்றால் அரை மணி நேரத்தில் முடியும். கேட் வாசலில் கூட்டம் போட்டுக் கத்துவதற்கு முன்னால் ஒரு காகிதம், அதற்கு ஒரு ரசீது. ரசீது கேட்பதில் கூச்சமே வேண்டாம். மளிகைக் கடையில் கேட்கிறோம், பிள்ளை விஷயத்தில் கேட்கக் கூடாதா?

பள்ளிகளுக்கு நான் சொல்லும் யோசனைக்குப் பெரிய செலவில்லை. ஒரு நீளக் குறிப்பேடு. அதில் ஆறு கட்டம்: வரிசை எண், தேதி, குறை, யார் பொறுப்பு, என்றைக்குள் முடியும், முடிந்த தேதி. தலைமை ஆசிரியர் தினமும் சாயங்காலம் ஐந்து நிமிஷம் அதைப் புரட்டி, கடைசிக் கட்டம் காலியாக இருப்பதைச் சிவப்பு மையில் சுழிக்க வேண்டும். மாதம் ஒரு முறை பெற்றோர் கூட்டத்தில், பெயரைச் சொல்லாமல், எத்தனை வந்தது, எத்தனை முடிந்தது என்று வாசிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் செய்தாலும் சரி, நாற்பது பக்க நோட்டில் செய்தாலும் சரி. கரஸ்பாண்டென்ட் ஊரில் இல்லாத நாளில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் வரை செலவு செய்ய ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து வைத்தால், பாதிக் குறை அன்றைக்கே தீர்ந்துவிடும்.

கடைசியாக, முன்னாள் மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை? நம்மில் பலர் இந்தக் கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் பல்லடத்திலும், கோபியிலும், பொள்ளாச்சியிலும், காங்கயத்திலும் அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024-இல் இந்தக் குழுக்களை மறுபடி அமைத்தபோது அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆண்டு விழாவுக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்துப் பின்னால் நம் பேரை எழுதுவது நல்ல காரியம்தான். அதை விட நல்ல காரியம், வருஷத்துக்கு இரண்டு நாள் போய்க் கட்டடத்தையும், வயரிங்கையும், தண்ணீர்த் தொட்டியையும் ஒரு எஞ்சினியர் கண்ணோடு பார்த்து எழுதிக் கொடுப்பது. சிவில் படித்தவர் சுவரைப் பாருங்கள். எலக்ட்ரிகல் படித்தவர் எர்த்திங்கைப் பாருங்கள். மெக்கானிகல் படித்த நாங்கள் வேனுக்கு அடியில் படுத்துப் பார்க்கிறோம்.

தம்பி தங்கைகளுக்கு இரண்டு நம்பர் சொல்கிறேன், போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கோ தேவைப்படலாம்.

இன்னும் சில வருஷத்தில் உங்களில் சிலர் பள்ளி நடத்துவீர்கள், சிலர் அதிகாரியாவீர்கள், எல்லோரும் பெற்றோர் ஆவீர்கள். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், எதிரே ஒரு அம்மா கையில் காகிதத்தோடு நின்றால், "பாத்துக்கலாமுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். யார் பார்ப்பார், எப்போது பார்ப்பார் என்று சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.